கைபேசியில் ஏலம்: பழைய பம்புசெட், டிராக்டர் வாங்குவோர் கவனத்துக்கு

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் சம்பா அறுவடை முடிந்து நவரைப் பட்டத்துக்கு நாற்றுவிடும் காலத்தில் பம்புசெட்டுகளுக்கு வேலை மிகுதி. மோட்டார் எரிந்துபோவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நாற்று வயது கடந்தால் விளைச்சல் குறையும். புதிய பம்புசெட் வாங்கவோ கையில் பணம் போதாது. இந்த நெருக்கடியில் இருக்கும் சிறு விவசாயியின் கைபேசியில், "5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார், ஒரே வருடம் ஓடியது, இன்று மாலைக்குள் அதிக விலை கேட்பவருக்கு" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. படம் பளபளப்பாக இருக்கிறது. முன்பணம் அனுப்பி, பொருள் வராமல் போனால், பணத்தோடு பட்டமும் சேர்ந்து போய்விடும்.

இணைய ஏலமே ஆகாது என்று சொல்வதற்கில்லை. முறையாக வாங்கினால் நல்ல கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. மாட்டுச் சந்தையில் பல் பார்க்காமலும், நடக்கவிட்டுப் பார்க்காமலும், கறந்து பார்க்காமலும் நாம் மாடு பிடிப்பதில்லை. முன்பணம் கொடுத்தாலும் தெரிந்தவர் ஒருவரைச் சாட்சி வைத்தே கொடுக்கிறோம். கைபேசியில் வாங்கும்போது இந்தச் சோதனைகளை விட்டுவிடுவதே நஷ்டத்துக்குக் காரணம். சந்தையில் செய்யும் அதே சோதனைகளை இணையத்தில் எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இணைய ஏலம் வந்த வழி

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் 'ஈபே' என்று பெயர் பெற்றது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் 'பாஸி' என்ற ஏலத் தளம் தொடங்கப்பட்டது. 2004இல் ஈபே அதை விலைக்கு வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது.

முன்பின் அறியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பி எப்படி வியாபாரம் செய்வது என்பதே இத்தகைய தளங்களின் முதல் சிக்கல். இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். வாங்கியவர்கள் விற்றவரைப் பற்றி மதிப்பெண்ணும் கருத்தும் எழுதிவைப்பது ஒன்று. வாங்குபவர் செலுத்தும் பணத்தைத் தளமே இடையில் நிறுத்திவைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவருக்கு விடுவிப்பது மற்றொன்று. ஈபேயின் இந்தியத் தளத்தில் 'பைசாபே' என்ற பெயரில் இந்த இரண்டாவது முறை நடைமுறையில் இருந்தது.

இன்று நம் விவசாயிகள் பழைய கருவிகளைத் தேடும் பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டாவது பாதுகாப்பு இல்லை. பணம் நேராக விற்பவர் கைக்குப் போய்விடுகிறது. ஆகவே பாதுகாப்பை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வகை விற்பனை

முதல் வகை, பணத்தைத் தளமே பெற்றுக்கொண்டு, பொருளைத் தளத்தின் வழியாகவே அனுப்பும் விற்பனை. பொருள் வராவிட்டாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ தளத்திடம் முறையிடலாம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி இத்தகைய தளங்கள் விற்பவரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

இரண்டாம் வகை, ஓஎல்எக்ஸ், பேஸ்புக் சந்தை போன்ற விளம்பர இடங்களும் வாட்ஸ்அப் குழுக்களும். இங்கு விளம்பரம் மட்டுமே தளத்தினுடையது. பேச்சும் பணமும் பொருளும் இருவருக்குள் நடப்பவை. ஏமாற்று மிகுதியாக நடப்பது இந்த வகையில்தான்.

மூன்றாம் வகை, அரசு நிறுவனங்களும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடத்தும் மின்னணு ஏலம். இங்கு பொருள் இல்லாமல் போகாது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. அவற்றைப் படிக்காமல் கேட்டால் கட்டிய வைப்புத்தொகை போய்விடும்.

நாம் வாங்கப்போவது எந்த வகை என்று அறிவதே முதல் வேலை. முதல் வகைத் தளத்தில் பொருளைக் காட்டிவிட்டு, "தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் இன்னும் 2,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் அதற்கு இணங்கக் கூடாது. அந்த 2,000 ரூபாய்க்காக நமக்கு இருந்த பாதுகாப்பு முழுவதையும் இழந்துவிடுவோம்.

விற்பவரை அறிதல்

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. ஐம்பது ரூபாய்ப் பொருட்களை விற்று நற்பெயர் சேர்த்துக்கொண்டு, பிறகு ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் ஏமாற்றுவதும் உண்டு. அவர் முன்பு விற்றவை எவை, எவ்வளவு காலமாக விற்கிறார், குறை சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றைப் படிக்க வேண்டும்.

விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸ் வழியாகத் தேடிப் பார்க்கலாம். அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில் இருந்தால் அந்த விற்பனையை விட்டுவிட வேண்டும். வீடியோ அழைப்பில் அன்றைய செய்தித்தாளை மோட்டாரின் பெயர்த்தகட்டருகே வைத்துக் காட்டும்படி கேட்கலாம். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. சாக்குச் சொல்பவரிடம் பொருள் இல்லை என்றே கொள்ள வேண்டும். வீடியோவில் பார்த்தது போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. இரண்டாம் வகை விற்பனையில் பொருளை நேரில் பார்த்த பிறகே பணம் என்பதை உறுதியான விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பம்புசெட்டைச் சோதித்தல்

நேரில் செல்லும்போது மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண்செலவன்று. கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பெயர்த்தகடு: குதிரைத்திறன், ஒரு முனையா மும்முனையா, வோல்டேஜ், சுற்று வேகம், நீர் ஏற்றும் உயரம், வினாடிக்கு எத்தனை லிட்டர், வரிசை எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். தகடு பிடுங்கப்பட்டோ எண் தேய்க்கப்பட்டோ இருந்தால் அது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும்.

2. காப்பு: மெக்கர் கருவியால் காயிலின் காப்பைச் சோதிக்க வேண்டும். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது காப்பு கெட்டிருக்கிறது என்று பொருள்.

3. ஷாஃப்ட்: கையால் சுற்றினால் பிடிப்பின்றிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

4. இம்பெல்லர்: கழற்றிப் பார்க்க வேண்டும். மீஞ்சூர்ப் பகுதிக்கு இது மிக அவசியம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவாக 1960களின் பிற்பகுதியிலிருந்தே இங்கு கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவி வருகிறது. உவர்நீரில் ஓடிய வார்ப்பிரும்பு இம்பெல்லரும் சாதாரண எஃகு ஷாஃப்டும் அரித்துப்போயிருக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. உங்கள் கிணற்று நீர் உவர்நீராயின் வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகால் ஆன பாகங்கள் உள்ள பம்பையே தேர்ந்தெடுங்கள்.

5. ஓட்டிப் பார்த்தல்: தண்ணீர் இறைக்கும் நிலையில் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டி, மின்னோட்டத்தை அளந்து, தகட்டில் உள்ள ஆம்பியர் அளவோடு ஒப்பிட வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரைத் தண்ணீரின்றி ஓட்டவே கூடாது.

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எனத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் சூழ்ந்த பகுதி இது. தொழிற்சாலைகளிலிருந்து கழித்த பம்புகளும் மோட்டார்களும் விற்பனைக்கு வருவது உண்டு. அவற்றை வாங்குவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பம்பு நிமிடத்துக்கு 2,900 சுற்றில் 40 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏற்றக்கூடியது என்று கொள்வோம். அதை 1,450 சுற்று மோட்டாரோடு இணைத்தால் நீரின் அளவு பாதியாகும். ஏற்றும் உயரமோ கால் பங்காக, அதாவது 10 மீட்டராகக் குறைந்துவிடும். மோட்டாரும் நல்லது, பம்பும் நல்லது, ஆயினும் தண்ணீர் வராது.

இலவச மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரை, மின்வாரியத்தின் அனுமதி இல்லாமல் பொருத்துவது விதிமீறலாகும். மலிவாகக் கிடைக்கிறது என்று 5 குதிரைத்திறன் இணைப்புக்கு 10 குதிரைத்திறன் மோட்டாரை ஏலம் எடுத்துவிடக் கூடாது.

காகிதங்கள்

பம்புசெட்டுக்குப் பதிவுச் சான்று கிடையாது. ஆகவே முதல் உரிமையாளர் வாங்கிய ரசீதே அதற்குப் பத்திரம். ரசீதில் உள்ள வரிசை எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது இல்லை என்றால், விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், பொருளின் வரிசை எண், தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கினாலும் காவல் துறை பொருளைக் கைப்பற்றக்கூடும். பணம் திரும்புவது கடினம்.

டிராக்டராயின் பதிவுச் சான்றைப் பரிவாகன் தளத்தில் சரிபார்க்க வேண்டும். அதில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் அடமானமாகப் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும் 35ஆம் எண் படிவமும் இல்லாமல் வாங்கக் கூடாது. உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றாமல் விட்டுவைத்தால் பின்னாளில் காப்பீடு, விபத்து, வழக்கு எல்லாவற்றிலும் தொல்லை நேரும்.

உச்ச விலையை முன்பே எழுதிவையுங்கள்

ஏரி மீன் ஏலத்திலும் புளியமர ஏலத்திலும் ஆத்திரத்தில் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கைபேசி ஏலத்தில் எதிராளி யார் என்பதுகூடத் தெரியாது. ஆகவே ஏலம் தொடங்கும் முன்னரே உச்ச விலையைக் கணக்கிட்டுத் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். புதிய பம்புசெட் 38,000 ரூபாய் என்று கொள்வோம். பழையது 17,000 ரூபாய்க்கு ஏலத்தில் கிடைக்கிறது. வரியும் தளக் கட்டணமும் 3,000. ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் 3,500. காயில், புஷ் மாற்ற 6,500. ஆக மொத்தம் 30,000 ரூபாய். மிச்சம் 8,000 ரூபாய்தான். அதற்காகப் புதிய பம்புசெட்டின் உத்தரவாதத்தை இழக்கிறோம். அந்தப் பழைய பம்புசெட்டுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 24,000 ரூபாய் போதும் என்று நீங்கள் கருதினால், மற்றச் செலவுகள் 13,000 ரூபாயைக் கழித்து, 11,000 ரூபாய்க்கு மேல் ஏலம் கேட்கக் கூடாது.

விற்பவரே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றிவிடுவதும் நடக்கிறது. ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தாமோ தம் ஆளை வைத்தோ கேட்டால், வாங்கியவர் அவ்விற்பனையை மோசடியாகக் கருதலாம் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு, கூறுகிறது. ஆனால் கைபேசி ஏலத்தில் இதை நிரூபிப்பது எளிதன்று. எழுதிவைத்த உச்ச விலையே நமக்குக் காவல். "உங்களுக்கு முந்தியவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன், தனியாகப் பணம் அனுப்புங்கள்" என்று ஏலம் முடிந்த பின் அழைப்பு வந்தால், அதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பணம் செலுத்துதல்

பொருளைப் பார்த்து, ஓட்டி, காகிதத்தைச் சரிபார்த்து, வண்டியில் ஏற்றும்போது பணம் கொடுப்பதே நல்ல முறை. ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தால் சான்று இருக்கும். கணக்கில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மைத்துனர் கணக்கு", "மேலாளர் கணக்கு" என்றால் நிறுத்திவிட வேண்டும்.

யூபிஐ ரகசிய எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே. பணம் பெற அது தேவையே இல்லை. க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடித்தால் பணம் நம்மிடமிருந்து போகுமே தவிர, நமக்கு வராது. "முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், இதை ஸ்கேன் செய்யுங்கள்" என்று எவர் சொன்னாலும் அது ஏமாற்று. அவ்வாறே ஓடிபி எண்ணைச் சொல்வதும், அவர்கள் அனுப்பும் செயலியைக் கைபேசியில் ஏற்றுவதும் கூடாது.

அடிக்கடி நடக்கும் இரண்டு ஏமாற்றுகள்

ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு நடக்கும் மோசடி ஒன்று. "எனக்கு இடமாற்றல் வந்துவிட்டது, வண்டியை அவசரமாக விற்கிறேன்" என்று சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள். பொருளை ராணுவ வாகனத்தில் அனுப்புவதாகச் சொல்லி, போக்குவரத்துக்கு ஒரு தொகை, வாயில் அனுமதிக்கு ஒரு தொகை என்று சிறிது சிறிதாகக் கறப்பார்கள். முன்பு கொடுத்தது வீணாகிவிடுமே என்ற அச்சத்தில் வாங்குபவரும் மேலும் மேலும் அனுப்புவார். இத்தகைய வழக்கில் 2020ஆம் ஆண்டில் சென்னைக் காவல் துறையினர் ராஜஸ்தான் மாநிலம் பரத்பூர்வரை சென்று ஆட்களைக் கைது செய்தார்கள். சீருடையும் அட்டையும் படத்தில் இருப்பது சான்று ஆகாது.

மற்றொன்று மானியத்தின் பெயரால் நடப்பது. பிஎம் குசும் சூரிய பம்புசெட் திட்டம் 2019இல் தொடங்கியதிலிருந்தே, அதன் பெயரில் போலித் தளங்கள் அமைத்துப் பதிவுக் கட்டணமும் பம்பு விலையும் வசூலித்தவர்கள் உண்டு. மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இதுபற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தமிழ்நாட்டில் இத்திட்டத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை நேரில் அணுகுவதே பாதுகாப்பு.

அரசு, வங்கி ஏலங்கள்

பொதுத்துறை நிறுவனங்களின் கழிவுப் பொருட்களை ஏலம் விடும் எம்எஸ்டிசி நிறுவனம் 1964இல் தொடங்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகள் கைப்பற்றிய சொத்துகளுக்கான 'பாங்க்நெட்' தளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வாகனங்களும் இயந்திரங்களும்கூட அதில் இடம்பெறுகின்றன. இவ்வகை ஏலங்களில், பொருள் எங்கு இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. பின்னர் குறை சொல்ல இயலாது. ஆகவே அறிவிப்பில் கொடுத்துள்ள பார்வையிடும் நாளில் கட்டாயம் சென்று பார்க்க வேண்டும்.

வைப்புத்தொகை எவ்வளவு, மீதியை எத்தனை நாளில் கட்ட வேண்டும், பொருளை எத்தனை நாளில் எடுக்க வேண்டும், வரி தனியா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கெடு தவறினால் வைப்புத்தொகை பறிமுதலாகும். கழிவுப் பொருட்கள் பெரிய தொகுப்புகளாகவே விற்கப்படுவதால் தனி விவசாயிக்கு ஒத்துவருவது அரிது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகக் கூட்டாக வாங்குவது பற்றி ஆலோசிக்கலாம். ஏலத்தில் "உங்களுக்கே முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரிடம் பணம் தர வேண்டியதில்லை.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைத்தால் இழந்த பணம் எட்டாத தூரம் போய்விடும். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் அதை முடக்க இதனால் வாய்ப்பு உண்டு. முதல் சில மணி நேரமே முக்கியமானது. அடுத்து உங்கள் வங்கிக்கும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்துக்கும் தெரிவியுங்கள். பரிவர்த்தனை எண், விற்பவரின் கைபேசி எண், விளம்பரம், உரையாடல் ஆகியவற்றின் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று பின்னர் அழைப்பவர்களும் ஏமாற்றுக்காரர்களே.

வியாபாரியிடமோ தளத்திலோ வாங்கிய பொருளில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மீஞ்சூர்க்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தில் தொடர்ந்தால் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. ஆனால் தம் சொந்தப் பொருளை ஒருமுறை விற்கும் தனிநபர்மீது இச்சட்டத்தைச் செலுத்துவது கடினம். இரண்டாம் வகை விற்பனையில் நேரில் பார்ப்பதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவசரம் தீர வேறு வழி

பழைய கருவியை நிதானமாகத் தேடி வாங்குவதற்கு ஏற்ற காலம் பட்டம் தொடங்கும் முன் உள்ள ஓய்வு நாட்கள்தாம். பட்டத்தின் நடுவில் மோட்டார் எரிந்துவிட்டால் அதற்குக் காயில் கட்டுவதா, பக்கத்துக் கிணற்று நீரை விலைக்குப் பெறுவதா என்பவற்றை முதலில் பாருங்கள். உழவுக் கருவிகளை வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து வாடகைக்குப் பெற உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் அனுப்பும் முன் விளம்பரத்தையும் பெயர்த்தகட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு துறையின் உதவிப் பொறியாளரையோ உங்கள் ஊர் மோட்டார் தொழிலாளியையோ கலந்துகொள்ளுங்கள். ஒரு நாள் பொறுத்ததால் நழுவிப்போகும் பொருளுக்கு வருந்த வேண்டியதில்லை. அதுபோன்ற பொருள் மீண்டும் விற்பனைக்கு வரும். அனுப்பிய பணம் திரும்பி வருவதுதான் அரிது.